துணை மாத்திரை

எங்கள் ஆய்வகத்தில் அவரைக் கத்தரிக்கோல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கொரோனா கிருமி தன் புரதங்களை ஒரே நீளச் சரடாகச் செய்துவிட்டு, பிறகு ஒரு நொதியை வைத்துத் துண்டு துண்டாக நறுக்கிக்கொள்ளும். அந்தக் கத்தரியின் வாயில் சிக்கி அதை அசையவிடாமல் செய்யும் மருந்தைத் தேடுவதுதான் அக்காவின் பிழைப்பு. செய்ததெல்லாம் குப்பைக்குப் போய், கடைசியில் ஒன்று கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

அக்காவின் தம்பி மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்; அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைத் தினமும் சாப்பிடுபவர். யாராவது அவர் பக்கத்தில் தும்மினாலே அக்கா அவரை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். முதல் மாத்திரை எனக்குத்தான் என்று தம்பி எப்போதும் சீண்டுவார். அவருக்காகத்தான் இந்த ஓட்டம் என்று எங்களுக்கும் தெரியும்.

மருந்து கத்தரியைப் பிடித்தது. ஆனால் கல்லீரல் அதைச் சீக்கிரமே கரைத்துத் தள்ளியது. மூலக்கூறையே திருத்துகிறேன், ஒரு வருஷம் கொடுங்கள் என்று அக்கா மன்றாடினார். ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது வருஷமாவது மண்ணாவது என்றார்கள் மேலே இருந்தவர்கள். அதுவும் நியாயம்தான், அதுதான் எனக்கு எரிச்சல். கல்லீரலின் கையைக் கட்டிப்போட ஒரு துணை மாத்திரையைச் சேர்த்தார்கள்.

தம்பியின் சிறுநீரக மருந்தையும் கரைப்பது அதே கல்லீரல்தான். அதைக் கட்டிப்போட்டால் அந்த மருந்து உடம்பில் ஏறி விஷமாகும். அந்த மருந்தை நிறுத்தினாலோ, உடம்பு சிறுநீரகத்தை ஏற்காமல் போய்விடலாம். அக்காவுக்கு அன்றைக்கே எல்லாம் புரிந்துவிட்டது. தம்பியிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

மாத்திரை கடைக்கு வந்த மழைக்காலத்தில் தம்பிக்குக் கொரோனாக் காய்ச்சல் கண்டது. துணை மாத்திரை இவருக்கு ஆகாது என்று டாக்டர் கையை விரித்தார். மற்ற சிகிச்சை எதுவும் கைகொடுக்கவில்லை. ஒரு மதியம், ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டுத் தம்பி கேட்டார்.

"என் மாத்திரை எங்க, அக்கா?"

"உனக்கு ஆகாதுடா. அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கோம்."

"சரி விடு. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டு, தம்பியப் பட்டினி போட்டுட்ட."

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அந்த வாரமே போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து நான் அக்கா வீட்டில் இருந்தபோது மாடிவீட்டுப் பெரியவர் வந்தார். அவருக்கும் அதே காய்ச்சல் வந்து, மகள் வீட்டில் இருந்து தேறி அன்றுதான் திரும்பியிருந்தார். உங்கள் மாத்திரைதான் என்னைப் பிழைக்க வைத்தது என்று வாசலில் நின்று கும்பிட்டார். சாவு நடந்த வீடு என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா நிதானமாகக் கேட்டார். "ரெண்டாவது மாத்திரையையும் சேத்துத்தானே போட்டீங்க?"

"ஆமாம்மா, ஒரு வேளைகூட விடல."

"நல்லது. அது இல்லாட்டி கேக்காது."

கதவைச் சாத்தியவர் அப்படியே அதில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிட எனக்குத் தைரியம் வரவில்லை.