பேய் மலையும் அப்பாவின் தாடியும்

எங்கள் ஊர் பிளசன்டன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் என் அப்பாவைப் போல நாள், நட்சத்திரம் பார்க்காத மனிதர் கிடைக்க மாட்டார். எங்கள் முதல் காரை ராகு காலத்தில் போய் எடுத்து வந்தவர் அவர். புதுக் காரின் சக்கரத்தடியில் வைக்கவென்று ஒரு ஆன்டி கொண்டுவந்து கொடுத்த எலுமிச்சம்பழத்தை, வெயிலுக்கு நல்லது என்று பிழிந்து குடித்துவிட்டார். வாஸ்து பார்க்கச் சொன்ன நண்பரிடம், “இந்த ஊர்ல கராஜ் வழியாத்தானே எல்லாரும் உள்ள வர்றோம், அதுக்கு எந்தத் திசைங்க?” என்று கேட்டவர். அப்பேர்ப்பட்டவர், எனக்கு எட்டு வயதான கோடையில், சீனாவில் ஒரு மலையடிவாரத்தில் நின்றுகொண்டு, “நான் ஏறல, நீங்க போயிட்டு வாங்க” என்றார். அந்தப் பயணம் முடியும்வரை நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்ததற்கு அதுதான் ஆரம்பம்.

அப்பாவுக்கு அந்த வருடம் சோங்சிங் நகரத்தில் ஆபீஸ் வேலை இருந்தது. வேலை முடிந்ததும் அங்கிருந்து யாங்சி ஆற்றில் கப்பல் ஏறி, மலைகளுக்கு நடுவே மூன்று பள்ளத்தாக்குகளைக் கடந்து, பெரிய அணைவரை போகலாம் என்று முன்பே டிக்கெட் போட்டிருந்தார். அம்மாவும் நானும் கலிஃபோர்னியாவிலிருந்து போனோம். டெக்சஸில் ரவுண்ட் ராக்கில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, அப்போது கல்யாணம் ஆகாதவர், லீவ் போட்டுவிட்டு அவரும் சேர்ந்துகொண்டார். பிள்ளைகளை அழவைத்து வேடிக்கை பார்ப்பதில் மாமாவுக்கு இணை யாரும் கிடையாது.

கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள் ஹோட்டலில் ஒன்று நடந்தது. அம்மா உடம்புக்கு முடியவில்லை என்று படுத்திருந்தாள். அப்பா எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போய் ஒரு சின்னக் காகிதப் பையோடு வந்தார். இருவரும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அப்பா கட்டிலில் உட்கார்ந்து கார்ப்பெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல சாமி” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். மறுநாள் காலை அப்பா முகம் மழிக்கவில்லை. அடுத்த நாளும் மழிக்கவில்லை.

மழிக்காவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருக்கோடியில் ஒரு அங்கிள் இருந்தார். சனிக்கிழமைகளில் எங்களுக்கெல்லாம் டென்னிஸ் சொல்லிக்கொடுப்பார். ஒரு நாள் வருவதை நிறுத்திக்கொண்டார். அவருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது முகமெல்லாம் தாடி. கொஞ்ச நாளில் அந்த வீட்டு முன்னால் தெரு அடைக்கக் கார்கள் நின்றன, அம்மா பெரிய ட்ரேயில் எலுமிச்சைச் சாதம் கிளறிக் கொண்டுபோனாள். மருந்துக் கடை, தாடி, சாவு. எட்டு வயதில் எனக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான்.

கப்பல் முதலில் நின்ற இடம், சொன்னால் நம்பமாட்டீர்கள், பேய்களின் ஊர். செத்தவர்கள் எல்லோரும் அந்த மலைக்குத்தான் போய் விசாரணைக்கு நிற்க வேண்டும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. மலை உச்சியில் நரகத்து ராஜாவுக்குக் கோயில். மஞ்சள் கொடி பிடித்த வழிகாட்டிப் பெண் சிரித்த முகத்தோடு இதையெல்லாம் ஆங்கிலத்தில் விளக்கினாள். அணை கட்டியதால் ஆறு ஏறி, கீழே இருந்த பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது என்றும் சொன்னாள். “கீழ இன்னும் ஆளுங்க சமைச்சிட்டுத்தான் இருக்காங்க, அங்க பாரு, குமிழி வருது” என்று மாமா என் காதில் ஓதினார்.

அங்கேதான் அப்பா ஏறமாட்டேன் என்றார். அம்மாவும் அவரோடு கீழேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன மச்சான், பேய்க்கு பயமா?” என்றார் மாமா.

“முட்டி வலிடா” என்றார் அப்பா. போன மாதம்தான் அவர் ஆபீஸ் ஆட்களோடு ஹாஃப் மாரத்தான் ஓடியிருந்தார்.

படியேறும்போது மாமா சும்மா வரவில்லை. “உங்கப்பா ஏன் வரல தெரியுமா? மேல அவர அடையாளம் கண்டுபிடிச்சிருவாங்க. உயிரோட ஒருக்கா ஏறி டெஸ்ட் பாஸ் பண்ணிட்டா அப்புறம் தொந்தரவு இல்ல. ஏறாதவங்களத்தான் புடிச்சிட்டுப் போவாங்க” என்றார். அவருக்கு அது பொழுதுபோக்கு. வழியெல்லாம் நாக்கு நீண்ட, கண் பிதுங்கிய சிலைகள். ஒரு மண்டபத்தில் ஆளை ரம்பத்தால் அறுக்கிறார்கள், இன்னொன்றில் எண்ணெய்ச் சட்டியில் போடுகிறார்கள். நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எல்லா முகங்களிலும் அப்பாவைத் தேடிக்கொண்டே ஏறினேன்.

உச்சிக் கோயிலுக்கு முன்னால் தரையில் ஒரு உருண்டைக் கல் பதித்திருந்தது. அதன்மேல் ஒற்றைக்காலில் ஆடாமல் நிற்க வேண்டும், நின்றால் நல்லவர் என்று அர்த்தம். எங்கள் கும்பலில் வந்த வெள்ளைக்காரத் தாத்தாக்கள்கூடச் சிரித்துக்கொண்டே ஏறி நின்றார்கள். என் முறை வந்தது. இது எனக்காக இல்லை, அப்பாவுக்காக என்று மனதுக்குள் சொல்லிவிட்டு ஏறினேன். கண்ணை மூடினேன், அதுதான் தப்பு. அடுத்த நொடி இரண்டு காலும் தரையில் இருந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். மாமா போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவில் நான் அழுவது தெரியாது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியதுபோல இருக்கும்.

அதற்குப் பிறகு கப்பல் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, நடுவில் பழுப்புத் தண்ணீர், மேலே கிழிந்த துணிபோலக் கொஞ்சம் வானம். சீனர்களின் பத்து யுவான் நோட்டில் அந்த நுழைவாயில் படமாக இருக்கிறது என்று எல்லோரும் நோட்டை எடுத்து மலைக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்கள். அப்பாவும் பிடித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அங்கே கரையில் இருந்த பழைய கோட்டை மலைக்கும் அவர் ஏறவில்லை. எல்லோரும் இறங்கிப் போக, அவரும் அம்மாவும் டெக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். எங்கள் வீட்டில் அப்படிக் கை பிடித்து உட்காருகிற வழக்கமே கிடையாது.

பிறகு சவப்பெட்டிகள் வந்தன. எத்தனையோ நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் ஆட்களைப் பெட்டியில் வைத்து, ஆற்றுக்கு மேலே எட்டாத உயரத்தில் பாறைப் பிளவுகளில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்படி ஏற்றினார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது என்று வழிகாட்டிப் பெண் மைக்கில் சொன்னாள். கப்பலே ஒரு பக்கமாகச் சாய்ந்ததுபோல எல்லோரும் பைனாகுலரோடு கம்பியோரம் கூடினார்கள். நான் அப்பாவைக் கூப்பிட அறைக்கு ஓடினேன். அங்கே ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. அப்பா அதன்மேல் ஒரு துண்டையும் போட்டு மறைத்துக்கொண்டிருந்தார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

“கதவச் சாத்து சாமி. அதெல்லாம் பாக்க வேண்டாம்” என்றார் அப்பா.

அன்று மாலை அணைக்கு வந்து சேர்ந்தோம். அணையைத் தாண்ட வேண்டுமென்றால் கப்பலைப் பிரம்மாண்டமான கான்கிரீட் தொட்டிக்குள் விட்டுக் கதவை மூடிவிடுவார்கள். தண்ணீரை வடியவிட, கப்பல் கீழே இறங்கும். பிறகு அடுத்த தொட்டி. எங்கள் அறை ஜன்னலுக்கு வெளியே ஈரச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் மேலே மேலே ஏறிக்கொண்டு போனது. வெளிச்சம் குறைந்தது. இரும்பு எங்கேயோ முனகியது. மூழ்கின ஊருக்கு, சமைத்துக்கொண்டிருக்கிறவர்களிடம், அப்பாவைக் கொண்டுபோகிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

“அப்பா, ஆர் யூ டையிங்?”

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். தாடி, மருந்துக் கடை, பேய் மலை, நான் கல்லிலிருந்து விழுந்தது எல்லாவற்றையும் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் கொட்டினேன். மாமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“எனக்கு ஒண்ணுமில்ல சாமி” என்றார் அப்பா.

“அப்ப மலை ஏறு” என்றேன்.

மறுநாள் அதற்கு வசதியாக ஒரு மலையும் இருந்தது. அணையை மேலிருந்து பார்ப்பதற்காக ஒரு குன்றைப் பூங்காவாக்கி வைத்திருந்தார்கள். எஸ்கலேட்டர்கூட இருந்தது. அப்பா அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெளிந்து, “இதுல போலாமா? இது ஏர்றதுல சேராதுல்ல?” என்று அம்மாவைக் கேட்டார். எனக்கல்லவா தெரியும். பேய் மலையில் படிதான் இருந்தது, அதனால் படிதான் செல்லும். கையை விடாமல் படியின் பக்கம் இழுத்தேன். அப்பா நகரவில்லை. நான் அழவில்லை, உடம்பு மட்டும் தானாக உதறிக்கொண்டிருந்தது. முந்தின இரவு சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்திருந்தது.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“ஏனுங்க, போயிட்டு வாங்க. இருக்கற புள்ளயப் பாருங்க” என்றாள்.

அப்பா ஏறினார். ஒவ்வொரு படியிலும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹாஃப் மாரத்தான் ஓடியவர் கிழவரைப்போல நிதானமாக ஏறினார். உச்சிக்குப் போனதும் ஆற்றுக்குக் குறுக்கே அந்த நீண்ட வெள்ளைச் சுவர் தெரிந்தது. அணை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்பா ஏறிவிட்டார், இனி அவரை யாரும் பிடித்துக்கொண்டு போக முடியாது. குதித்துக் குதித்துக் கூச்சல் போட்டேன். அப்பா அணையைப் பார்க்கவில்லை, கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் நான் மறந்துதான் போயிருந்தேன். இப்போது நானும் என் கணவரும் அமெரிக்காவின் மறுகோடியில், வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறோம், எனக்கு நான்காவது மாதம். போன வாரம் அப்பா போன் ஸ்பீக்கரில் என் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார். இவர் நண்பர்களோடு மலையேறப் போவதாகச் சொன்னார். உடனே, “இந்த வருஷம் ஹைக்கிங் எல்லாம் வேண்டாம் மாப்ள. அப்படியே ஷேவ் பண்ணாமயும் இருந்துக்கங்க” என்றார் அப்பா. எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டுக் குடித்தவர் பேசுகிற பேச்சா இது என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று இரவே அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

மனைவி சுமக்கும்போது கணவன் மலையேறக் கூடாது, கடல் தாண்டக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது. சுமப்பவள் சவத்தைப் பார்க்கக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. “உனக்கப்புறம் ரெண்டு தடவ தங்கல. அந்த ஹோட்டல்ல தெரிஞ்சது மூணாவது. கடலத் தெரியாமத் தாண்டிட்டோம், மலையாவது ஏறாம இருக்கறேன்னாரு உங்கப்பா. யார்கிட்டயும் சொல்லவும் பயம்” என்றாள் அம்மா. “அப்ப நான் அவர அந்தக் குன்றுல ஏற வச்சது?” என்றேன். “மலைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல கண்ணு. டாக்டர் அப்பவே சொல்லிட்டாங்க. உங்கப்பாவுக்கும் தெரியும்” என்றாள்.

“தெரிஞ்சும் எதுக்கும்மா இவர்கிட்ட அப்படிச் சொன்னாரு?”

“தெரிஞ்சுட்டா பயம் போயிருமா?”

போகாது. நேற்று இவர் ரேசரை எடுத்தபோது, நானே அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

அந்த வருடம் சீனாவிலிருந்து திரும்பிச் சில வாரங்கள் இருக்கும். ஒரு நாள் ஸ்கூல் விட்டதும் என்னைப் பக்கத்து வீட்டு ஆன்டி அழைத்துப் போனார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் சின்ன வேலை என்றார். அங்கேயே சாப்பிட்டேன், அங்கேயே தூங்கினேன். மறுநாள் சாயங்காலம் அப்பா வந்து வாசலில் நின்றார். தாடி இல்லை. வழுவழுவென்று மழித்து, மோவாயில் ஒரு சின்ன வெட்டுக்காயம். நான் தலைதெறிக்க ஓடிப்போய் அவர்மேல் தாவி, இரண்டு கையாலும் அந்தக் கன்னங்களைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, உனக்குச் சரியாயிடுச்சு!” என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். என் தோளில் முகத்தை வைத்து வெகு நேரம் அப்படியே நின்றார்.

“ஆமா சாமி” என்றார். “எனக்கு ஒண்ணுமில்ல.”