நானே ராவிய கடைவாய்ப் பல்

பீளமேட்டில் பொங்கியண்ணன் பட்டறை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். இதை ஊர் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. ஊருக்கு வேலை அதிகம், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தாராபுரத்துக்குத் தெற்கே மழையை நம்பிய காட்டில் பிறந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்து வரவில்லை. கோயமுத்தூருக்கு வந்து, தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குக் காயில் சுற்றப் பழகி, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டேன். பெரிய இன்ஜினியரிங் காலேஜ் ஒன்று நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நான் அதன் வாசலை மிதித்ததில்லை. அங்கே படித்தவர்கள் என் வாசலை மிதித்திருக்கிறார்கள். பாதிப் பேர் பஸ் ஸ்டாப் எங்கே என்று கேட்க வந்தவர்கள். இருந்தாலும் வந்தது வந்ததுதான்.

என் கைவேலையைவிடப் பெரிய சொத்து என் வாய். பல்லடம், தாராபுரம், உடுமலை என்று எல்லாப் பக்கமிருந்தும் விவசாயிகள் போன் செய்வார்கள். மோட்டார் பக்கத்தில் போனை வைக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்பேன். பேரிங் போய்விட்டதா, காயில் கருகிவிட்டதா, கிணற்றுக்குள் இருக்கும் வால்வு அடைத்துக்கொண்டதா என்று இங்கே உட்கார்ந்தே சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு வைத்துவிடவும் மாட்டேன். மழை, மஞ்சள் விலை, நான் வளர்ந்த விதம், எல்லாம் பேசுவேன். எதிர்ப்பக்கம் இருப்பவர் தண்ணீர் இல்லாமல் தவித்துக்கொண்டிருப்பார். பெரிய மனுசனிடம் போனை வைக்கிறேன் என்று சொல்ல முடியாமல் நிற்பார். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொள்வேன்.

பேச ஆள் கிடைக்காத நேரத்தில் இந்த வாய்க்கு வேறு வேலை கொடுத்தேன். வெற்றிலை, பாக்கு, ஒரு விரல் புகையிலை. மென்று இடது கடைவாயில் ஒதுக்கிக்கொள்வேன். பீடி தொட்டதில்லை. சாராயம் வாசம் கூடப் பார்த்ததில்லை. நான் ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத ஆள் என்று எத்தனையோ பேருக்கு அறிவுரை சொல்லியிருக்கிறேன், நடுவில் எழுந்து போய் எச்சில் துப்பிவிட்டு வந்து.

போன வருசம் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. வலி கிடையாது. காரம் பட்டால் மட்டும் எரியும். என் மனைவி பாவாத்தாள் குழம்பில் மிளகாயைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் மஞ்சள் தண்ணீரில் சோறு போட்ட மாதிரி ஆனது, அப்போதும் எரிந்தது. பிறகு இடது காது குத்த ஆரம்பித்தது. காதுக்கு எண்ணெய் விட்டேன். வாயில் புண், காதில் குத்தல், இரண்டும் ஒரே பக்கம். போனில் சத்தம் கேட்டே கோளாறு சொல்கிறவனுக்கு இதைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தேன். புண்ணுக்கு நேராகக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கூராக நின்றது. எங்கள் தொழிலில் ஒரு சாமான் தேய்கிறது என்றால் எதில் உரசுகிறது என்று பார்ப்போம். அங்கே பிசிறு இருக்கும். அரத்தைப் போட்டு ராவிவிட்டால் சரியாகிவிடும். பல்லும் ஒரு சாமான்தானே.

அடுத்த பட்டறையில் லேத் ஓட்டும் ரசாக்கை டார்ச் பிடிக்கக் கூப்பிட்டேன். அவர் என்னைவிடச் சின்னவர், நல்ல மனுசர், ஆனால் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி.

"ஏனுங் கவுண்டரே, பல்லு டாக்டரம்மா அடுத்த சந்துலதானுங்க இருக்கறாங்க."

"அந்தப் புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் அரம் புடிக்கறவன். டார்ச்சப் புடிங்க பாய்."

வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் வைத்திருக்கும் மெல்லிய அரத்தைப் பெட்ரோலில் கழுவி, வெந்நீரில் முக்கினேன். சவரக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, இடது கையில் கரண்டியால் நாக்கை ஒதுக்கி, வலது கையால் ராவினேன். உடம்பெல்லாம் கூசியது. ரசாக் கண்ணை மூடிக்கொண்டதால் டார்ச் வெளிச்சம் என் மூக்கில் விழுந்தது. முடிந்ததும் எமரித் தாளைக் குச்சியில் சுற்றி மெருகும் போட்டேன். ரசாக் எட்டிப் பார்த்து, வேலை சுத்தம் என்று ஒப்புக்கொண்டார். பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து அளவுக் கருவியைக்கூட எடுத்துவிட்டார். வாய்க்குள் விட வந்த கையை நான்தான் தடுத்தேன்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா. பார்த்தவரையெல்லாம் நிறுத்தி வாயைத் திறந்து காட்டினேன். பல் கண்ணாடி மாதிரி இருந்தது. புண் மட்டும் போகவில்லை. புதுச் சாமான் பழக நாளாகும் என்று சமாளித்தேன். ஒரு நாள் காபி குடித்த டம்ளர் விளிம்பில் ரத்தம் இருந்ததைப் பாவாத்தாள் பார்த்துவிட்டாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்து செருப்பை என் காலடியில் எடுத்துப் போட்டாள்.

பல் டாக்டர் பெயர் ஹர்ஷா. என் மகள் வயதுகூட இருக்காது. சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து விளக்கைத் திருப்பியதும் முதலில் பல்லைத்தான் பார்த்தது.

"இந்தப் பல்ல ஆருங்கய்யா ராவுனது?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். அரத்திலிருந்து எமரித் தாள் வரைக்கும் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. உறை போட்ட விரல்களால் என் நாக்கு ஓரத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தது. தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கவாட்டில், எதையோ தேடுவதுபோலத் தடவியது. காது வலி உண்டா என்று அதுவாகவே கேட்டது. நாக்குக்கும் காதுக்கும் ஒரே நரம்பு வழி, அதனால் கோளாறு ஒரு இடத்திலும் வலி இன்னொரு இடத்திலும் தெரியும் என்றது. எனக்கு உடனே புரிந்தது. லைனில் ஒரு இடத்தில் பழுதானால் வேறு இடத்தில் ஃபியூஸ் போகும்.

"பல்லு கூரா இருந்திருந்தா, அதச் செரி பண்ணிட்டு ரெண்டு வாரம் பார்க்கலாம்னு சொல்லியிருப்பேங்கய்யா. நீங்களே சுத்தமா ராவீட்டீங்க. அதுக்கப்புறமும் புண்ணு ஆறல, ஓரம் கெட்டியா இருக்குது. இனிப் பல்லு மேல பழி போட முடியாதுங்க."

என் வேலைப்பாட்டைப் படித்தவர்கள் பாராட்டியது அது ஒன்றுதான்.

புண்ணிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றது. நான் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டேன். கத்தி பட்டால் பரவிவிடும் என்று எங்கள் சொந்தத்தில் ஒருவர் விடாமல் சொல்லுவார். அவர் ஜாதகம் பார்க்கிறவர், டாக்டர் இல்லை என்பது அப்போது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. சதை எடுப்பதால் பரவாது, எடுக்காமல் விட்டு வைப்பதால்தான் பரவும் என்று ஹர்ஷா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தது. மூலையில் உட்கார்ந்திருந்த பாவாத்தாள் எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, ஊர் மோட்டாரெல்லாம் பிரிச்சுப் போட்டீங்களே. பிரிக்காம என்னைக்காவது கோளாறு சொல்லியிருக்கறீங்களா?"

"சத்தத்தக் கேட்டே சொல்லுவேனே."

"அப்பச் செரி. நாக்கப் போன்கிட்ட வெச்சுக் கேட்டுச் சொல்லுங்க."

டாக்டர் பெண் அப்போதுதான் சிரித்தது. நான் மறுபடி ஏறிப் படுத்தேன். மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு சதை எடுத்தார்கள். பல் ராவியதில் பாதி வலிகூட இல்லை.

முடிவு கேன்சர் என்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கழுத்தில் ஒரு நெறிக்கட்டியிலும் சந்தேகம் இருக்கிறது, ஆனால் ரொம்பத் தூரம் போகவில்லை என்றார் ஆபரேசன் டாக்டர். நாக்கில் இடது பாதியையும் கழுத்து நெறிகளையும் எடுக்க வேண்டும். முன்கைச் சதையை எடுத்து நாக்கில் வைத்துத் தைப்பார்கள். பிறகு கரண்ட் வைப்பார்கள். கதிர் வைத்தியத்தை ஆஸ்பத்திரிக்கு வருகிற சனங்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பொழைப்பாரா என்று பாவாத்தாள் கேட்டாள். நான் பேசுவேனா என்று கேட்டேன்.

பேசுவீர்கள், ஆனால் பழையபடி இருக்காது, சில எழுத்துகள் நழுவும், பயிற்சி எடுக்க வேண்டும் என்றார். நேரில் புரிந்துகொள்வார்கள், போனில் கொஞ்சம் சிரமம் என்றார். வெட்டாமல் கரண்ட் மட்டும் வைத்தால் ஆகாதா என்று பேரம் பேசினேன். இந்த இடத்துக்கு வெட்டுவதுதான் முதல் வழி, தள்ளிப்போட்டால் பாதி நாக்கு முழு நாக்காகும், தாடையும் சேரும் என்று சொல்லிவிட்டார்.

ரோசனை செய்து சொல்கிறேன் என்று பட்டறைக்கு வந்துவிட்டேன். ரோசனை எங்கே செய்தேன், பேசித் தீர்த்தேன். எடுத்த போனை வைக்கவில்லை. லோன் வேண்டுமா என்று கூப்பிட்ட ஒரு பெண்பிள்ளைக்கு நான் தாராபுரத்திலிருந்து வந்த கதை முழுக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளையே கடைசியில் லோன் வேண்டாம் சார், உடம்பைப் பாருங்கள் என்று வைத்துவிட்டது.

பாவாத்தாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். பேச முடியாத பொழப்பு என்ன பொழப்பு என்றேன். அவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"பேச்சுக்காக உங்களக் கட்டிக்கிட்டு வரலீங்க. கட்டிக்கிட்டு வந்ததுக்காகப் பேச்சக் கேட்டுட்டு இருக்கறேன். நீங்க பேசாட்டி ஊடு ஊடாத்தான் இருக்கும். நீங்க இல்லாட்டிப் போனா நான் ஆரச் சலிச்சுக்குவேன்?"

மறுபடி கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கரண்ட் வைப்பதற்கு முன்னால் கெட்டுப்போன பற்களை எடுத்துவிட வேண்டுமாம். பிறகு பிடுங்கினால் எலும்பு ஆறாதாம். ஹர்ஷாவிடமே அனுப்பினார்கள். முதலில் வந்தது நான் மெருகு போட்ட பல். அப்படி ஒரு வேலையைத் தட்டில் போட்டு மூடிவிட்டார்கள்.

ஆபரேசன் முடிந்து கண் விழித்தபோது மூச்சு விடத் தொண்டையில் ஒரு ஓட்டை, கஞ்சிக்கு மூக்கில் ஒரு குழாய். பேச்சு சுத்தமாக இல்லை. கையை ஆட்டித்தான் எல்லாம். தண்ணீர் வேண்டும் என்று ஆட்டினால் ரசாக் மின்விசிறியைப் போடுவார். கையிலிருந்து எடுத்த சதை நாக்கில் பிடித்துக்கொண்டது. ஆனால் முன்கைத் தோலில் முடி இருக்கும் அல்லவா, அது இடம் மாறினது தெரியாமல் அங்கேயும் முளைத்தது. ஊரிலேயே நாக்கில் முடி உள்ள ஒரே ஆள் நான்தான் என்று எழுதிக் காட்டினேன். பாவாத்தாள் அதில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். கரண்ட் வைத்ததில் அந்த முடியும் உதிர்ந்தது. கூடவே வாய் வெந்து, எச்சில் வற்றி, தண்ணீர்கூட முள்ளாக இறங்கியது. அதைப் பற்றிப் பெருமை பேச எனக்கு ஒன்றும் இல்லை. அழுதேன்.

குழாயெல்லாம் எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு காலையில் போன் அடித்தது. மூலனூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் குமாரசாமி, பழைய வாடிக்கை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றார். நான் விளக்கமாகப் பதில் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் யாரிடமோ சொல்வது கேட்டது.

"காலங்காத்தால தண்ணியப் போட்ட ஆளுகிட்டப் போனக் குடுத்துட்டுப் போயிட்டாருடா பொங்கியண்ணன்."

சாராய வாசம் பார்க்காதவனுக்குக் கிடைத்த பட்டம். போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. பாவாத்தாள் என்னைச் சும்மா விட்டாள், ஆனால் பேச்சுப் பயிற்சிக்குப் போகும் நாளில் செருப்பை எடுத்துப் போட்டாள். பயிற்சி கொடுக்கும் அம்மணி, நீளமாகப் பேசாதீர்கள், ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தை போதும் என்று சொன்னார். எனக்கு அது ஆபரேசனைவிடக் கஷ்டமாக இருந்தது. ல, ள, ர, மூன்றும் ஒரே மாதிரி வந்தன. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பால், பல், பார் என்று கத்துவேன். வீட்டுக்கு வந்தவர்கள் பால் வாங்கி வந்து கொடுத்தார்கள்.

இன்னொரு நாள் குமாரசாமி பாவாத்தாள் போனுக்குக் கூப்பிட்டார், மறுபடியும் தண்ணீர் ஏறவில்லை என்று. அவள் எனக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் போனை என்னிடம் நீட்டினாள். நான் மெதுவாகச் சொன்னேன். "கிணத்து வால்வு. கழுவுங்க." திருப்பிச் சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். புரிந்துவிட்டது.

"ஆருங்க, பொங்கியண்ணனுங்களா? கொரலு என்னமோ மாதிரி இருக்குதுங்களே?"

கேன்சர் என்றேன். அந்தச் சொல் மட்டும் சுத்தமாக வந்தது. நாக்கில் புண், புகையிலை, பாதி வெட்டியாச்சு என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கூட்டு அம்மணிக்கும் கன்னத்துக்குள்ள வெள்ளையா இருக்குதுங்க. ரெண்டு மாசமாவுது. அவளும் பொகையில போடறவதான். தேங்காண்ணையத் தடவிட்டு இருக்கறா."

நான் சொல்ல வேண்டியது ஒரே வரி. அது வாயில் வராமல் குழறியது. அவர் என்னங்க, என்னங்க என்றார். போன தடவை போனை அணைத்து அலமாரியில் வைத்தேன், இந்தத் தடவை வைக்கவில்லை. மூச்சை இழுத்து, இரண்டிரண்டு வார்த்தையாகப் பிரித்தேன். "தடவாதீங்க. டாக்டருகிட்டக் காட்டுங்க. இன்னைக்கே வாங்க." மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் அவரே கூடச் சேர்ந்து சொன்னார்.

புருசனும் பெண்டாட்டியும் வந்தார்கள். ஹர்ஷா பார்த்து, சதை எடுத்து அனுப்பியது. கேன்சர் இல்லை, ஆனால் விட்டால் ஆகக்கூடியது, புகையிலையோடு பாக்கையும் நிறுத்திவிட்டு விடாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொன்னது. பாக்கு மட்டுமே போட்டாலும் கெடுதல்தான் என்றது. அந்த அம்மாள் அங்கேயே டாக்டர் முன்னால் இடுப்பிலிருந்த புகையிலைச் சுருக்குப் பையை எடுத்துக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. வெளியே வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சோறு இல்லாமக்கோட இருந்துக்குவேன், பொகையில இல்லாம எப்படீங்க இருக்கறது. இந்த மனுசனுக்கு ஆருங்க திரும்பப் பேசக் கத்துக் குடுத்தது?"

பாவாத்தாள் தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பாவாத்தாளைக் காட்டி, இவள்தான் என்று நான் அந்த அம்மாளுக்குப் பதில் சொன்னேன். புரியவில்லை என்றார். மெதுவாக மறுபடி சொன்னேன்.