இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. தக்கலையிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில், ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் வீட்டுக் கார் ஷெட்டில் நடந்தது இது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியைப் பரிசோதித்து, எது அசல், எது மாற்றியது, என்ன விலை தரலாம் என்று எழுதிக் கொடுப்பேன். வளைகுடாவில் எட்டு வருடம் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது கற்றுக்கொண்ட தொழில். ஒரு பெண் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டால் எங்கள் பக்கத்தில் இன்றும் நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை என் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்?

அன்று என்னை அழைத்துப் போனவர் பழைய கார்களைச் சேர்க்கும் ஒரு திருவனந்தபுரத்துக்காரர். டீச்சரின் கணவர் வளைகுடாவிலிருந்து திரும்பியதும் ஆசைப்பட்டு வாங்கிய ஜெர்மன் கார் அது. முப்பது வருடம் ஆகப்போகிறது. மீட்டரில் வெறும் இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர். அவர் வேலைக்குக் கடைசிவரை ஸ்கூட்டரில்தான் போனாராம். இப்போது அவர் இல்லை. டீச்சரும் மகளோடு போய் இருக்கப் போகிறார். வண்டி பேணத் தெரிந்த ஒருவர் கையில் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். வாங்க வந்தவரோ, மீட்டர் உண்மையென்றால் கேட்ட விலை, பொய்யென்றால் வண்டியே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

நான் பார்க்கத் தொடங்கினேன். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே வருடத்துக் குறி. பானட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பெயிண்ட் கனம் பார்க்கும் கருவி எங்கே வைத்தாலும் கம்பெனி பெயிண்ட் என்றே காட்டியது. எனக்கே உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது.

பிறகு இடது பின்கதவைத் திறந்தேன். லேசாகத் தொங்கியது. கீல் தேய்ந்திருந்தது. ஏறும்போது கால் உரசும் படிப்பட்டையில் பெயிண்டே இல்லை. கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. இருபத்திரண்டாயிரம் ஓடிய வண்டியில் இது நடக்காது. டிரைவர் வைத்து ஓட்டும் வண்டியில் முதலாளி உட்காரும் இடம் அது. ஒரு லட்சமாவது ஓடியிருக்கும் என்று முடிவு கட்டினேன். அப்படியென்றால் டிரைவர் சீட் ஏன் புதிதாக இருக்கிறது? மாற்றித் தைத்திருப்பார்கள். பெடல் ரப்பர்? கடையில் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

‘மீட்டரை நம்ப முடியாது’ என்று எழுதி, சத்தமாக வாசித்தும் காட்டினேன்.

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “பிள்ளே, வண்டியில கொறை சொல்லு, கேட்டுக்கிடுதேன். மீட்டரத் திருப்பினாவன்னு சொன்னா எனக்க மாப்பிளையக் கள்ளன்னு சொல்லுதது மாதிரி. அவிய செத்து ஆறு வருசம் ஆச்சு. வந்து பதில் சொல்ல முடியுமா?”

“அப்ப இந்தக் கதவு இப்பிடித் தேய்ஞ்சது எப்பிடி டீச்சர்?” என்றேன்.

அவர் வாயைத் திறந்தார், வாங்க வந்தவரை ஒருமுறை பார்த்தார், பேசாமல் இருந்துவிட்டார். போதும், மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

பின் சீட்டுக்கு அடியில் துரு இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. எழுதுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். தெரியாததா என்ற மிதப்பில் கடைசிக்கு விட்டிருந்தேன். சீட்டைத் தூக்கினேன். துரு இல்லை. இடது ஓரமாக ஊக்குகளும் ஹேர்பின்களும் குவிந்து கிடந்தன. கறுப்பு பின், தங்க நிறத்துப் பின், கல் வைத்த பின் என்று பல வருடத்து ஃபேஷன். நடுவே வெள்ளை முத்துகள், சரிகைத் துணுக்கு, காய்ந்து போன ரோஜா இதழ்கள்.

“டீச்சர், இதெல்லாம் யாருக்க பின்னு?”

அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை. “நம்ம சபையில எந்த வீட்டுல கல்யாணம்னாலும் பெண்ண ஆலயத்துக்குக் கொண்டு போறது இந்த வண்டிதான். வசதியில்லாத வீடுன்னா அவிய கேக்காமலே கொண்டு போயி நிறுத்துவாவ. அவியளே ஓட்டுவாவ. அஞ்சு பைசா வாங்க மாட்டாவ. இஞ்சருந்து ஆலயம் ஒரு கிலோமீட்டர்கூட இல்ல. ஆனா அந்த வீடியோ எடுக்குத பய சும்மா விடுவானா? பெண்ண ஏறச் சொல்லுவான், எறங்கச் சொல்லுவான், சரியா விழல்லன்னு மறுபடியும் ஏறச் சொல்லுவான்!”

கல்யாண வண்டி என்று தெரிந்தால் வாடகைக்கு ஓடியது என்று நினைத்து விலையைக் குறைத்துவிடுவார்கள், வாயே திறக்காதீர்கள் என்று டீச்சரின் மகன் போனில் சொல்லியிருந்தாராம்.

திரும்பப் போய்ப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் இருந்தது கம்பெனித் தையல். அடியில் கிளிப்புகள் கழற்றப்படவே இல்லை. பெடல் ரப்பரில் வண்டியின் வருடமே இருந்தது. ஐந்து நிமிட வேலை, முன்பே செய்திருக்கலாம். எழுதியதை எல்லார் முன்னாலும் அடித்தேன். கீழே, ‘மீட்டர் உண்மை. முதலில் எழுதியது என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு தரம் மாற்றிப் பேசுகிறவளை இனி எவன் கூப்பிடுவான்?

“ஒரு மணிக்கூருக்குள்ள ரெண்டு விதமா எழுதினா நான் எத நம்பணும்?” என்றார் வாங்க வந்தவர்.

“என்ன நம்பாண்டாம். குனிஞ்சு பாருங்க” என்றேன்.

வெள்ளை வேட்டியோடு மண்டியிட்டு, சீட்டுக்கு அடியில் வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது முழங்காலெல்லாம் தூசி. “அந்தக் கதவ மாத்தணுமா?” என்று மட்டும் கேட்டார். நான் தாளிலேயே எழுதினேன்: ‘இடது பின்கதவின் தேய்மானமும் அசல். மாற்ற வேண்டாம்.’ சத்தமாக வாசித்தேன். டீச்சர் அப்போதுதான் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பேரமே பேசாமல் வண்டி போயிற்று. வாங்கியவருக்கு அடித்தல் இல்லாமல் ஒரு பிரதி எழுதிக் கொடுத்துவிட்டு, டீச்சருக்கும் ஒன்று தருகிறேன் என்றேன். டீச்சர் கேட்கவில்லை. “அடிச்ச தாளையே தா மக்கா. நீ நல்லாப் பாத்துத்தான் சொன்னேன்னு பிள்ளையளுக்குத் தெரியட்டும்” என்று வாங்கி, வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வண்டிகளில் எத்தனையோ திருட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனாலும் என் தொழிலில் நெஞ்சை நிமிர்த்திக் காட்ட ஒரு கையெழுத்தைச் சொல் என்றால், என் தவறுக்குக் கீழே நானே போட்ட அந்தக் கையெழுத்தைத்தான் சொல்வேன்.