பாதிக் கட்டணத்துப் படிப்பு

அந்த டைல்ஸ் கடையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. முதலாளியம்மாவிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ஸ்டோர்காரர்தான். பின்பக்கக் கிடங்கில் ஒரு பெட்டி ஏறினாலும் இறங்கினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பெட்டியை லேசாகக் குலுக்கி, உள்ளே உடைசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஆனால் மனுஷனுடைய ஆசையெல்லாம் மாடியில் இருந்த கண்ணாடி அறைமேல். அங்கேதான் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். தூசி கிடையாது, தும்மல் கிடையாது, சுழலும் நாற்காலி வேறு.

கணக்குப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார் என்று தெரிந்ததும், ஸ்டோர்காரர் முதலாளியம்மா முன்னால் போய் நின்றார். "கணக்கு படிச்சுட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார் அந்த அம்மா. பார்க்கலாம் என்றால் பார்க்கலாம்தான். இவரோ அன்றைக்கே மனசுக்குள் அந்த நாற்காலியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார்.

மருந்துக்கடைக்கு மேலே மாலை வகுப்பு. ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் சேர்ந்தால் பாதிக் கட்டணம் என்று பலகையில் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

"நீயும் வா. என் கையெழுத்து எனக்கே புரியாது. நீ நோட்ஸ் எழுது, நான் புரிஞ்சுக்கறேன்" என்றார் மனைவியிடம்.

கல்யாணத்தோடு புத்தகத்தை மூடி வைத்தவள் அவள். மறுபேச்சுப் பேசாமல், இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முதல் வாரமே மாஸ்டர் பலகையில் பெரிதாக எழுதினார்: உள்ளே வருவது டெபிட், வெளியே போவது கிரெடிட். ஸ்டோர்காரர் சும்மா இருந்திருக்கலாம். கையைத் தூக்கினார்.

"மாஸ்டர், என் சம்பளம் வந்தா பேங்க்லேருந்து கிரெடிட்னுதானே மெசேஜ் வருது? உள்ள வர்ற பணம் எப்படி டெபிட் ஆகும்?"

வகுப்பே சிரித்தது. மாஸ்டர் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அது பேங்க்காரங்க அவங்க நோட்டுல எழுதறது இல்லையா சார்? நம்ம பணம் அவங்களுக்குக் கடன், அதனால அவங்களுக்கு கிரெடிட். நம்ம நோட்டுல அது நமக்கு டெபிட்."

மாஸ்டர் பேனாவை மூடிவிட்டு, "இதைத்தாங்க நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு மாசம் தொண்டை கிழியக் கத்தறேன். அம்மா எவ்ளோ அழகா சொல்லிட்டாங்க பாருங்க" என்றார்.

வகுப்பு கை தட்டியது. தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று அவரும் தட்டினார். வயிற்றுக்குள் அடுப்பு மூட்டியது போல இருந்தது.

அதற்குப் பிறகு அந்த எரிச்சல் அணையவே இல்லை. அவள் ஸ்கேலை வைத்து மொத்தத்துக்குக் கீழே இரட்டைக்கோடு போடுவதைப் பார்த்தால் எரிந்தது. சமையல் வேகும் நேரத்தில் மேடையோரம் நின்றபடி பேரேட்டுக் கணக்கு ஒன்றை அவள் முடித்துவிட்டுப் போனால் இன்னும் எரிந்தது. அவள் குளிக்கப் போன சமயம் நோட்டை எடுத்து, எங்கேயாவது தப்பு இருக்காதா என்று பக்கம் பக்கமாகத் தேடினார். பெண்டாட்டி தப்புச் செய்யவில்லையே என்று வருத்தப்பட்ட புருஷனை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள், "ரெண்டு பேரும் படிக்கறீங்களாமே, யாரு கெட்டி?" என்று கேட்டதற்கு, "அவ சும்மா துணைக்கு வர்றா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

படிப்பு முடிகிற நேரத்தில் முதலாளியம்மா போன மாத ரசீதுகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "இதை எழுதி, இருப்பாய்வு, அதான் ட்ரயல் பேலன்ஸ், போட்டுக் காட்டுங்க. சரியா வந்தா மாடி அறை உங்களுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள்கள். மத்தியானம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும். வரவில்லை. டெபிட் பக்கம் கூடுதலாக நின்றது. கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார், காகிதத்தைத் திட்டினார்.

தண்ணீர் வைக்க வந்த மனைவி ஒரு கணம் நின்றாள். "ஏங்க, மேஸ்திரி வாங்கிட்டுத் திருப்பி அனுப்பின டைல்ஸை நீங்க கொள்முதல்ல எழுதியிருக்கீங்க. அது விற்பனைத் திருப்பம் இல்லையா? அவர் கணக்குல கிரெடிட்டும் பண்ணலை."

கிடங்குக்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. கேட்டுக்குள் பெட்டி வந்தால் அவருக்குச் சரக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். யார் விற்றது, யார் திருப்பியது என்பதெல்லாம் மாடிக்காரர்கள் கவலை.

"உன்னை யாரு கேட்டா? துணி காயப் போடற வேலையைப் பாரு" என்றார்.

அவள் முகம் சுண்டிப்போய்த் துணி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். போனதும் அவர் திருட்டுத்தனமாகச் சரிபார்த்தார். அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. வித்தியாசம் வந்த தொகையும் அந்த டைல்ஸின் விலையும் ஒன்றே.

திருத்தியிருக்கலாம். இரண்டு வரி வேலை. ஆனால் திருத்தினால் அந்த நாற்காலி அவள் வாங்கிக் கொடுத்ததாகிவிடும், காலம் பூராவும் அது முதுகில் குத்தும். மாஸ்டர் வேறொரு வழியும் சொல்லிக் கொடுத்திருந்தார். காரணம் தெரியாத வித்தியாசத்தை, கண்டுபிடிக்கும் வரைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டு வைக்கலாம். இவருக்குக் காரணம் நன்றாகத் தெரியும். தெரிந்தே அனாமத்தில் போட்டார். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டன. இரட்டைக்கோட்டை அவரே போட்டார், சற்றுக் கோணலாக.

திங்கட்கிழமை கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார். புதன்கிழமை மேஸ்திரி கடைக்குள் புயல் மாதிரி நுழைந்தார். பாக்கி கேட்டு அவருக்குப் போன் போயிருக்கிறது.

"பிடிக்கலைன்னு திருப்பி அனுப்பின டைல்ஸுக்கும் சேர்த்துக் காசு கேக்கறீங்களே, நியாயமா இருக்கா? இதோ நிக்கறாரே, இவர்தானே தன் கையால இறக்கி வெச்சாரு!"

முதலாளியம்மா கணக்கைப் புரட்டினார். அனாமத்து வரியில் விரல் நின்றது. மேஸ்திரியைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, "நீங்களே இறக்கின சரக்கு. எழுதும்போது கண்ணுல படலையா?" என்று கேட்டார்.

படவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். தெரியாமல் நடந்த தப்புக்கு அந்த அம்மா இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறவர்தான். ஆனால் இவர் வாயில் வேறு மாதிரி வந்தது. மூன்று நாளாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது அது.

"பட்டுதும்மா. வீட்டுல அவ சொன்னா. அவ சொல்லி மாத்தறதான்னு விட்டுட்டேன்."

முதலாளியம்மா கணக்கு நோட்டை மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாளைக்குக் காலைல அவங்களை வந்து என்னைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

வீடு வரைக்கும் நடந்தே வந்தார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு தெரு, சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஒரு தெரு. அவள் வாசல் கதவைத் திறந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அனாமத்தில் போட்டது வரைக்கும்.

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். "நான் போறதுல உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதமெல்லாம் இல்ல. வயிறு எரியுது. ஆனா போ. ஒன்பதரைக்குத் திறப்பாங்க."

அவள் சிரிப்பாள் அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

"கல்யாணமான நாள்லேருந்து எனக்கும் எரிஞ்சுதுங்க" என்றாள். "தினமும் காலைல நீங்க சட்டையை மாட்டிக்கிட்டு வெளியில கிளம்பறப்ப."