விரல் விழுந்த பக்கம்

கட்டைவிரல் நகம் படத்தில் எட்டிப் பார்த்துவிட்டது. இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தின் இடது ஓரத்தில், ஒரு நெல்மணி அளவுக்கு. இன்பம் உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தை மறுபடி விரித்தாள். ஓரத்தை மரஸ்கேலால் அழுத்திக்கொண்டு, மேசைக்கடியில் இருந்த பெடலைக் காலால் மிதித்தாள். தலைக்கு மேலே கம்பியில் தொங்கும் கேமரா ஒருமுறை வெளிச்சம் காட்டி அடங்கியது. இப்போது நகம் இல்லை. "விரல் விழுந்தா அந்தப் பக்கம் செத்துச்சு" என்பது அவள் கட்சி. பழைய படத்தை அழித்த பிறகுதான் அடுத்ததைப் புரட்டினாள்.

சிவகாசிக்கு வெளியே, சாத்தூர் சாலையில் இருக்கும் ஒரு கல்லூரி. அதன் நூலகத்தின் பின்பக்கம், முன்பு ஜெராக்ஸ் எந்திரம் கிடந்த அறைதான் இன்பத்தின் ராஜ்யம். அந்தக் கல்லூரியில் இதுவரை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகளையெல்லாம் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துக் கல்லூரியின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவது அவள் வேலை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கடவுச்சொல் கிடையாது, கட்டணம் கிடையாது. ஒன்பது வருஷத்தில் நானூற்றுச் சொச்சம் ஏற்றிவிட்டாள். கரிசல் மண்ணில் துத்தநாகம், கண்மாய்க்கு வரும் நாரைகள், மல்லாங்கிணறு மானாவாரிப் பருத்தியின் வேர்ப்புழு, துண்டுக்கடியில் விரலால் விலை பேசும் மாட்டுத்தரகர்களின் கைப்பேச்சு, தீப்பெட்டிப் பெண்களின் ரத்தசோகை என்று அவள் கைபடாத துறை இல்லை. எதையும் முழுசாகப் படித்ததும் இல்லை. முதலில் நன்றியுரையைப் படிப்பாள். அதில் மாமியாருக்கு நன்றி சொல்லியிருந்தால் "இது தேறும்" என்பாள்.

தூசிக்காக மூக்கில் ஒரு கைக்குட்டை. அரைமணிக்கு ஒருதரம் கை கழுவுவாள்; முந்தானையில் துடைக்க மாட்டாள், அதற்கென்று ஒரு துண்டு ஆணியில் தொங்கும். எந்த ஊரில் யார் எந்த ஆய்வேட்டைத் திறந்தார்கள் என்று புள்ளி புள்ளியாகக் காட்டும் உலகப் படம் ஒன்று களஞ்சியத்தில் உண்டு. மத்தியானச் சாப்பாட்டை அந்தப் படத்தின் முன்னால்தான் சாப்பிடுவாள். "பிரேசில்ல ஒருத்தன் நம்ம மல்லாங்கிணத்துப் பருத்தியப் படிக்கான்" என்று சாயங்காலம் வீட்டில் போய்ச் சொல்வாள்.

டைரி பைண்டிங்கில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்த அவள் கணவர் சாலமன்ராஜ், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வார். "ஊரே காலண்டர் அடிச்சு விக்குது. நீ ஒருத்திதான் அடிச்சு வச்சதை ஓசியில விட்டுக்கிட்டிருக்க. பிரேசில்காரன் பருத்தி போட்டானாமா?"

"போடட்டுமே. ஒங்களுக்கு என்ன வலிக்கி?"

களஞ்சியத்தில் ஓர் ஆய்வேட்டை ஏற்றும்போது தேடுசொற்கள் கொடுக்க வேண்டும். ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர், பொருள், ஊர் என்று ஐந்தாறு போதும். இன்பம் அதோடு நிறுத்தவில்லை. பின்னிணைப்பில், ஆய்வாளரிடம் பேசியவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்குமல்லவா, அந்தப் பெயர்கள் அத்தனையையும் தட்டச்சு செய்து சேர்த்தாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அவள் அப்பா ஊர்த் திருச்சபையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அசனப் பண்டிகையன்று, சபையார் கூடி உண்ணும் விருந்துக்கு ஒரு படி அரிசி கொடுத்தவர் பெயரையும், நாலு கத்திரிக்காய் கொடுத்தவர் பெயரையும் ஆராதனை முடிவில் எழுந்து நின்று வாசிப்பார். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்த வீட்டுக்கு நடந்துபோய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். "பேசுனவுக இல்லைன்னா புஸ்தகம் ஏது? தேடுனா அவுக பேரும் கெடைக்கணும்ல" என்பாள் இன்பம். கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கும் விக்னேஷ்குமார், "யக்கா, இம்புட்டு தேடுசொல்லு எந்தக் காலேஜுலயும் இல்லக்கா" என்றபோது, அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

போன தை மாதம் ஏற்றிய ஆய்வேடு அன்பரசன் என்பவருடையது. பட்டாசு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. நூற்று எண்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒருத்தியின் பேச்சை அப்படியே போட்டிருந்தார். "நாலு பேரு இருக்க வேண்டிய ரூமுல ஒம்பது பேரு இருந்தோம். ஆபீசர் வர்றாகன்னு போன் வந்தா, அஞ்சு பேரைப் பின்னால வேலிக்கருவைப் பொதருக்குள்ள ஒக்கார வச்சிருவாக. வெயில் தாழ வருவோம்." கீழே, வேலுத்தாய், தாயில்பட்டி என்று பெயர். பின்னிணைப்பில் கம்பெனியின் பெயரும் இருந்தது. அந்த ஆய்வேடு பத்து வருஷமாக இரும்பு பீரோவுக்குள் கிடந்தது. நெறியாளரையும் பரீட்சகர்களையும் தவிர வேறு யாரும் அதைத் திறந்ததாக நூலகப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து இல்லை. இன்பம் வேலுத்தாயின் பெயரையும் மற்ற நாற்பது பெயரையும், கம்பெனி பெயரோடு சேர்த்து, பிழையில்லாமல் அடித்து ஏற்றினாள்.

ஆடி மாதம், பட்டாசு சீசன் சூடு பிடிக்கிற நேரம். ஒருநாள் பதினோரு மணிக்கு அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கையில் தூக்குவாளி.

"இங்கன இன்பம்னு யாரு?"

"நான்தான். ஒக்காருங்கம்மா."

"ஒக்கார வரல." மடித்த தாள் ஒன்றை மேசைமேல் வைத்தாள். நூற்று எண்பத்து மூன்றாம் பக்கம், கல்லூரியின் முத்திரையோடு. "இது நீங்க போட்டதா?"

"ஆமா, நான்தான் ஏத்துனேன்."

"எதுக்கு?"

வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் இன்பத்திடம் இருந்தது. "ஒலகத்துல எங்கன இருக்கிறவுகளும் படிக்கணும்னு..." என்று ஆரம்பித்தாள்.

"ஒலகத்துல எவன் படிச்சான்னு எனக்குத் தெரியாது டீச்சர். எங்க ஃபோர்மேன் படிச்சிட்டாரு." வேலுத்தாய் சத்தம் போடவில்லை. லோடு இறக்குகிறவர்கள் எண்ணிச் சொல்வதுபோலச் சொன்னாள். "மொதலாளி மகன் கம்பெனி பேரைப் போன்ல தட்டுனாராம், இது வந்துச்சாம். திங்கக்கெழமையில இருந்து வேன்ல எனக்கு எடமில்ல. 'யக்கா, ஒன் பேரை அடிச்சிட்டாக'ன்னு டிரைவர் சொல்லுதான். பக்கத்து கம்பெனியில போயிக் கேட்டேன். எனக்கு முன்னால இந்தப் பேப்பரு அங்கன போயி நிக்கி."

"அன்பரசன் சார் ஒங்ககிட்டக் கேட்டுத்தானம்மா பேரு போட்டாரு?"

"புஸ்தகத்துல போடுதேன்னாரு. போடும்னேன். புஸ்தகம்னா பீரோவுல கெடக்கும்னு நெனச்சேன். நீங்க அதைத் தூக்கி ரோட்டுல போட்டுட்டீகளே."

"ஒங்களுக்கு ஒரு மரியாதைன்னு நெனச்சித்தான்மா..."

"மரியாதையா." வேலுத்தாய் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "சீசன் நேரத்துல மரியாதைய வச்சு ஒலை வைக்கவா டீச்சர்?"

இன்பம் டீச்சர் இல்லை. அதைத் திருத்துகிற வழக்கம் அவளுக்கு உண்டு. அன்றைக்குத் திருத்தவில்லை. வேலுத்தாயின் கண்முன்னாலேயே களஞ்சியத்தைத் திறந்து, ஆய்வேட்டை மொத்தமாக நீக்கினாள்.

"போயிருச்சா?"

"போயிருச்சும்மா."

"நான் பேசுனது?"

"எல்லாமே போயிருச்சு."

வேலுத்தாய் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். "நான் சொன்னது பொய்யில்ல. அது கெடந்துட்டுப் போகட்டும். பேருதான் வேணாம்."

அன்றைக்குச் சாயங்காலமே விக்னேஷ்குமார் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான். வெளிநாட்டுத் தளங்கள் இரண்டு அந்த ஆய்வேட்டை எப்போதோ எடுத்து வைத்துக்கொண்டிருக்கின்றன. "நம்ம இடத்துல எடுத்தா அங்கன போகாதுக்கா. அதுக்குத்தான நாம தொறந்து விட்டிருக்கோம்." இரண்டுக்கும் மின்னஞ்சல் எழுதினார்கள். ஒன்று மூன்று வாரம் கழித்து எடுத்தது. மற்றதிலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

அன்பரசனுக்குப் போன் போட்டாள். இப்போது வேறு மாவட்டத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் பேராசிரியர். "மேடம், வைவாவுல அத்தாட்சி கேப்பாகன்னு போட்ட லிஸ்ட்டு அது. இதை யாரு படிக்கப் போறான்னு நெனச்சேன்" என்றார். தானே கம்பெனிக்குப் போன் செய்து பேசட்டுமா என்றும் கேட்டார். "வேணாம் சார். இன்னும் நாலு பேரு பேரு வெளிய வரும்" என்று இன்பம் வைத்துவிட்டாள்.

வேலுத்தாயைக் கம்பெனி திரும்பச் சேர்க்கவில்லை. வீட்டிலிருந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக் கொடுக்கிறாள் என்று தாயில்பட்டிப் பக்கமிருந்து நூலகம் கூட்ட வருகிற முத்துப்பேச்சி சொன்னாள். "வேன்ல போறவளுக்குக் கெடைக்கிறதுல பாதிகூட வராது. நீங்க ஒண்ணும் நெனைக்காதீக, அவ விதி." இன்பம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அவளுக்கு விதியில் நம்பிக்கை கிடையாது.

அடுத்த இரண்டு மாதம் புதிதாக ஓர் ஆய்வேடும் ஏறவில்லை. நானூற்றுச் சொச்சத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, தான் அடித்துச் சேர்த்த பெயர்களைத் தானே அழித்தாள். ரத்தசோகைப் பெண்கள் நூற்றிருபது பேர். மாட்டுத்தரகர்கள் முப்பத்தொரு பேர். பெயரை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் அழிப்பாள். மத்தியானம் உலகப் படத்தைத் திறப்பதில்லை. சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள். "பிரேசில்காரன் எப்படி இருக்கான்?" என்று சாலமன்ராஜ் ஒருநாள் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இந்த வருஷ அசனத்தில் பெயர் வாசிக்க ஆரம்பித்ததும், அண்டா கழுவுகிற இடத்துக்கு எழுந்து போய்விட்டாள்.

அன்பரசன் ஆய்வேட்டைப் பெயரில்லாமல் திரும்ப ஏற்றலாமா என்று கல்லூரி முதல்வரிடம் அவள்தான் கேட்டாள். "எதுக்கும்மா வம்பு, பீரோவுல கெடக்கட்டுமே" என்றார். அவள் நகராமல் நின்றதால், "ஒரு பேரு தெரிஞ்சாலும் ஒங்க பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டார்.

பின்னிணைப்பையும் கம்பெனி பெயர் வருகிற இடங்களையும் முதலில் விட்டுவிட்டாள். முழுசாக ஏற்றாத முதல் ஆய்வேடு அவளுக்கு அதுதான். உள்ளே ஆட்களின் பெயர்கள்மேல் கணினியிலேயே கறுப்புக் கட்டம் வரைந்தாள். விக்னேஷ்குமார் கட்டத்தின்மேல் சுட்டியை இழுத்து, நகலெடுத்து, வேறொரு பக்கத்தில் ஒட்டிக் காட்டினான். வேலுத்தாய், தாயில்பட்டி. படத்திலிருந்து கணினி தானே படித்து வைத்த எழுத்து கட்டத்துக்கு அடியில் உயிரோடு இருந்தது. அவன் வேறு சாப்ட்வேர் பார்த்துத் தருகிறேன் என்றான். "கண்ணுக்குத் தெரியாத எதையும் இனி நம்ப மாட்டேன்டா" என்றுவிட்டாள். துண்டுக் காகிதம் வெட்டிப் பெயர்மேல் வைத்துப் படமெடுத்தாள். விசிறிக் காற்றில் ஒன்று நகர்ந்து, 'தாய்' மட்டும் தெரிந்தது. அச்சடித்த ஏட்டில் பசை தடவவோ மை பூசவோ அவளுக்கு மனசு வராது.

நேற்று காலை கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நூற்று எண்பத்து மூன்றாம் பக்கத்தை விரித்தாள். மரஸ்கேலைத் தள்ளி வைத்தாள். வேலுத்தாயின் பெயர்மேல் இடதுகையைக் குப்புற வைத்து, விரல்களைச் சேர்த்துக்கொண்டு, பெடலை மிதித்தாள்.

திரையில், நாலு பேர் அறையில் ஒன்பது பேர் இருந்த பேச்சுக்குக் கீழே, ஒரு கை. புடைத்த நரம்பும், மோதிரமும், வாட்ச் கழற்றிய வெளிறிய தடமும் தெரிந்தன. படத்தைப் பெரிதாக்கி, விரல் இடுக்குகளில் எழுத்து ஏதும் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அதை அழிக்காமல், அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கையை வைத்தாள்.