ஜெர்மன் டாக்டர்

நான் தர்மபுரியில் நர்சாக இருந்தபோது எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த டாக்டர் ஒரு யூதர். ஜெர்மனியில் அவருடைய கிளினிக்கை அடித்து நொறுக்கி, தம்பியைத் தெருவில் போட்டு மிதித்திருக்கிறார்கள். உயிர் தப்பி வந்தவர். ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டே ஒரு தடவை சொன்னார்; அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஊருக்கு அவர் ஜெர்மன் டாக்டர்.

யுத்தம் தொடங்கியதும் போலீஸ் வந்தது. எதிரி நாட்டுக்காரராம்.

"அங்க ஜெர்மன்காரன் இல்லேன்னு வெரட்டுனாங்க. இங்க ஜெர்மன்காரன்னு புடிக்கிறாங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பல மாதங்கள் முகாமில் வைத்திருந்து, விசாரித்து விட்டுவிட்டார்கள். பாதி ஆளாகத் திரும்பினார்.

அதன்பின் நோயாளிகள் குறைந்துபோனார்கள். பென்னாகரத்திலிருந்து காய்ச்சல்காரப் பிள்ளையோடு வந்த ஒருத்தி, அவர் கையில் ஊசியைப் பார்த்ததும் பின்வாங்கினாள்.

"ஏங்கக்கா, ஊசில வெசம் வெக்கிறாராமே?"

"அவரு அந்த ஜெர்மன்காரங்க ஆளு இல்லம்மா. யூதரு. அவங்கதான் இவர வெரட்டி உட்டாங்க."

"சொந்த ஊர்லயே வெரட்டுனாங்கன்னா, சும்மாவா? என்னமோ பண்ணியிருப்பாருங்க."

எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொல்லியிருந்தேன். அன்று தெர்மாமீட்டரை எடுத்துப் பிள்ளையின் கக்கத்தில் வைத்தேன். அவருக்கு அதற்குள் தமிழ் நன்றாகப் புரியும். ஊசியைத் தட்டில் வைத்தார்.

"ஊசி வேணாங்க. மருந்து தர்றேன்."

பிள்ளை தேறியது. அவள் நிலக்கடலை கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவர் அறைப்பக்கம் போகவில்லை.

ஒருநாள் யாரோ ஜன்னலில் கல்லெறிந்தார்கள். கண்ணாடியை நான் கூட்ட வருமுன் அவரே கூட்டி அள்ளிவிட்டார்.

யுத்தம் முடிந்தபோது, யூதர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். வராந்தாவில் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் சலித்துக்கொண்டார்: "அட, அப்பிடியெல்லாம் பண்ணுவாங்களா? பேப்பர்காரங்க கதை உடறாங்க."

உள்ளே டாக்டர் ஒரு கிழவரின் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டு முடியும்வரை தலை நிமிரவில்லை. டாக்டருடைய தம்பியும் அம்மாவும் ஜெர்மனியிலேயேதான் இருந்தார்கள். இருவருமே இல்லை என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வருஷம் வேலையை விட்டார். பஸ் ஏற்றிவிடப் போனேன்.

"எங்க போறீங்க?"

"அத்தை மக ஒருத்தி பொழச்சிருக்கா. அவ இருக்கற தேசத்துக்கு."

"அங்க ஜனங்க எப்பிடிங்க?"

"போய்த்தாங்க பாக்கணும்" என்றார்.