சாம்பிராணிக் கங்கில் வைத்த ஊதாக் கல்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் எங்கள் அடுத்த வீட்டு அக்காவிடம் ஊதா நிறக் கல் ஒன்று இருந்தது. ரயில் பெட்டிகளைக் கோக்கும் வேலை பார்த்த அவர் கணவர், ஈயச் சுரங்கத்து மண்மேட்டிலிருந்து பொறுக்கி வந்து கொடுத்தது. சாமிப் படத்தடியில் வைத்திருந்தார். அது புளோரைட் என்று லயம் முழுக்க நான்தான் சொல்லித் திரிந்தேன். ரசாயனப் பாடம் அப்போது எனக்குத் தலைக்கேறியிருந்தது.

அந்த மழைக்காலத்தில் அக்காவின் கணவர், அந்த அண்ணன், மலேரியாவோடு கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். யாரோ ஒருத்தி கல்லைப் பார்த்து வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போக, கண் பட்டிருக்குமென்று அக்கா அதற்குச் சாம்பிராணி காட்டப் போனார். புகை மட்டும் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, கல்லைக் கங்கிலேயே வைத்துவிட்டார். ஆறிய பிறகு எடுத்தால் ஊதா போயிருந்தது. கல் வெளுத்துக் கிடந்தது.

அன்றோடு கிள்ளானுக்குப் போவதை நிறுத்தினார். சோறும் இறங்கவில்லை.

"அவரு குடுத்த கல்லு, தம்பி. அதோட நெறமே போயிட்டுதுன்னா அவருக்கு என்னமோ ஆகப் போகுதுன்னுதானே அர்த்தம்? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவரைப் போய்ப் பாக்குறது?"

சூட்டில் போன நிறம், வேறொன்றுமில்லை என்றேன். அக்கா நம்பவில்லை. சரி, காட்டிவிடுவோம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குப் போனேன். தட்டில் மணல் அலசிக்கொண்டிருந்த சீனப் பெண்கள், ஈயத்தை விட்டுவிட்டுக் கழிவுக் கல்லைக் கேட்கிறவனைப் பார்த்துச் சிரித்து, ஊதாவில் இரண்டும் பச்சையில் ஒன்றும் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

அக்கா வீட்டு அடுப்பங்கரை ஜன்னலைச் சாத்தி, மேலே கோணியைத் தொங்கவிட்டேன். அடுப்பில் இரும்புச் சட்டி. அதில் ஒரு ஊதாவும் அந்தப் பச்சையும். சட்டி காய்ந்ததும் இரண்டு கல்லும் இருட்டுக்குள் நீலமாக ஒளிவிட்டன. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒளி அடங்கிய பின்னும் நன்றாகக் காயவிட்டு, கோணியை விலக்கினேன். இரண்டும் வெளுத்திருந்தன.

பத்திரிகையில் படித்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். கல்லில் துளித்துளியாகக் கலந்த வேற்றுப் பொருளைப் பொறுத்துப் பச்சை வரும், மஞ்சள் வரும். ஊதாவோ, பூமிக்கடியில் ரேடியம் போன்றவற்றின் கதிர்கள் காலங்காலமாகப் பட்டதால் ஏறியது. பச்சையோ ஊதாவோ, சூடு பட்டால் அந்தக் கதிர்களிடமிருந்து கல் சேர்த்துவைத்த சக்தியையெல்லாம் ஒளியாகக் கொட்டிவிடும், நிறமும் போய்விடும்.

அதில் பாதியை அவர் கேட்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லச் சொன்னார்:

"அப்ப இந்த ரெண்டும் யாரு புருஷனுக்குக் காய்ச்சல்னு வெளுத்துச்சு?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பல நாளைக்குப் பிறகு.

மறுநாள் கஞ்சித் தூக்கோடு கிள்ளான் ரயில் ஏறினார். மீந்த ஊதாவைக் கொடுத்தேன். அதை வீட்டில் வைத்துவிட்டு, அண்ணன் கொடுத்த அந்த வெளுத்த கல்லைத்தான் முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"இதுக்காகவா இத்தன நாளு வரல? கஞ்சிக்குத் தொட்டுக்க ஊறுகா இருக்கா?" என்று கேட்டாராம்.